ஐந்தாம் மாடியில் கிணறு

“அஞ்சாம் மாடியிலை நிண்டுகொண்டு, கிணறு எங்கை எண்டு கேட்டனான்,” என்றார் முன் இருக்கையிலிருந்த ரீச்சர், பக்கத்திலிருந்த தோழியிடம். பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் சனிக்கிழமைக் காலை பஸ். ரீச்சரின் மடியில் இருபது லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று வெறுமையாக இருந்தது.

“கொழும்பிலை பிளற் வீடு பாக்கப் போன இடத்திலையோ? விக்கிறவன் சிரிச்சிருப்பானே!”

“சிரிக்கட்டும். தண்ணியைக் குடிச்சுப் பாக்காமல் எங்கட ஆக்கள் வீடு வளவு வாங்கிறவையே? குசினிப் பைப்பைத் திறந்து, ரெண்டு கை ஏந்திக் குடிச்சன். துளி உப்பில்லை. அந்த இடத்திலையே ஓம் எண்டிட்டன்.”

“அப்ப இஞ்சத்தை வாடகை வீட்டை விட்டிட்டு அங்கை போகப் போறியளோ?”

“பள்ளிக்கூடம் இஞ்சையெல்லே? கொழும்பு வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டன். என்ர உழைப்பிலை, என்ர பேரிலை வாங்கினது.”

“நீங்கள் இருக்கிற வீட்டுக் கிணறு எப்பிடி?”

“வாயிலை வைக்கேலாது. உப்பு.”

சந்தையடியில் பஸ் நின்றது. குடிதண்ணீர் நிரப்பும் கடை அங்கேதான். ரீச்சர் கானைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“என்ர வீட்டிலை இருக்கிற சனம் நல்ல தண்ணி குடிக்குது,” என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.