தொடாமல் விட்ட முனை

— சுத்தம் பண்ணித் தரச் சொல்லித்தானே அனுப்பியிருக்காங்க? நீங்க என்னடான்னா கெடுத்துக் குடுங்கன்னு நிக்கறீங்க!

— மெதுவாப் பேசுங்கண்ணே. நாளைக்கு விழாவுல அந்த ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்ததும் மைக் செத்துப் போகணும். அவ்வளவுதான் கேக்கறேன்.

— அவ்வளவுதானா! ஏம்மா, நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துலதானே வேலை பாக்கறீங்க?

— பத்தொன்பது வருஷமா. மணி அடிக்கறது, லேப்ல குடுவை கழுவறது, இந்தப் பழைய ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கிட்டு அலையறது, எல்லாம் நான்தான்.

— அப்ப கேளுங்க. இந்தக் கடைக்கு வந்த எந்தப் பெட்டியும் வந்ததை விட மோசமாத் திரும்பிப் போனதில்ல. பள்ளிக்கூடத்துல குடுத்தனுப்பின சீட்டுல என்ன எழுதியிருக்கு? 'சத்தம் கூட்டினா கரகரங்குது.' அதைச் சரி பண்ணித் தருவேன். டார்ச்சை இப்படிப் பிடிங்க. கையை உள்ள விட்டுடாதீங்க, ப்ளக்கைக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும்.

— பிடிக்கறேன். ஆனா நான் சொல்றதையும் கேட்டுக்கோங்க.

— காது சும்மாத்தான் இருக்கு, சொல்லுங்க. அடடா, உள்ள எப்படிக் கறுத்துக் கிடக்கு பாத்தீங்களா? யாரோ ஒரு படுபாவி உப்புத்தாளைப் போட்டு வேற தேச்சிருக்கான். சுவிட்ச்சு மேல இருந்த வெள்ளிப் பூச்சே போச்சு.

— நான்தாண்ணே தேச்சேன்.

— ...சரி, தெரியாமத் தேச்சிருப்பீங்க. இதுக்கெல்லாம் உப்புத்தாள் ஆகாதும்மா. மருந்தை ரெண்டு சொட்டு விட்டு, சத்தம் கூட்டற குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு முப்பது தடவை திருப்பணும். அழுக்கு தானா வழிவிடும். அவசரப்படக் கூடாது.

— மனுஷனுக்கு இப்படி ஒரு மருந்து இருந்தாச் சொல்லுங்க. அந்த ஆள் தலையில ஒரு டின்னு ஊத்தணும்.

— அப்படி என்ன பண்ணிட்டாரு உங்களை?

— என்னை இல்ல, என் தங்கச்சியை. அதே பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தா. பதினோரு வருஷத்துக்கு முந்தி, பரீட்சைக்கு முந்தின நாளே கேள்வித்தாள் வெளிய போயிடுச்சு. நீங்ககூடக் கேள்விப்பட்டிருப்பீங்க.

— ம்.

— அறுநூறு பிள்ளைங்க வரிசையா நிக்குது. இதே மைக்கு. அவளைப் பக்கத்துல நிக்க வச்சு, 'கேள்வித்தாளை வெளிய விட்டது இந்த டீச்சர்தான்'னு பேரைச் சொல்லிச் சொன்னாரு. முன் வரிசையில இருந்தது அவ கிளாஸ் பிள்ளைங்க.

— யாரும் விசாரிக்கலையா?

— கேள்வித்தாள் வச்சிருந்த பீரோ சாவியே அவர்கிட்டதான் இருந்துச்சு. யாரை யார் விசாரிக்கறது? அன்னிக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினவதான், இன்னிக்கு வரைக்கும் வாசப்படி தாண்டல. காலிங் பெல் அடிச்சாலே உள் ரூமுக்குப் போயிடறா. அந்த ஆளுக்கு நாளைக்குப் பாராட்டு விழாவாம், கேடயமாம். நாற்காலி போடப் போறதும் நான்தான். எனக்கு வயிறு எரியாதா?

— எரியத்தான் செய்யும். ஆனா மைக் செத்தா என்ன ஆகும்னு நினைக்கறீங்க? ரெண்டு தடவை தட்டிப் பாப்பாரு, அப்புறம் தொண்டையைத் திறந்து பேசுவாரு. 'இந்த வயசுலயும் என்ன குரல்'னு அதுக்கும் கை தட்டுவாங்க.

— அப்ப தொட்டா ஷாக் அடிக்கற மாதிரி வைங்க.

— வாயைக் கழுவுங்கம்மா! அந்தப் பேச்சு இந்தக் கடையில வேண்டாம். முப்பது ஆச்சா? ப்ளக்கைப் போடறேன். இப்ப கரகரப்பு இருக்கா?

— இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. என் தலையெழுத்து, நாளைக்கு அந்த ஆள் குரல் தெருக்கோடி வரைக்கும் கணீர்னு கேக்கப் போகுது.

— மைக்கையும் குடுங்க, பாத்துடலாம். சுவிட்ச் டக்குனு விழுதே, நல்லாத்தான் இருக்கு.

— அந்த டக்கைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுண்ணே. பேசி முடிச்சதும் டக்குனு ஆஃப் பண்ணிட்டு, பக்கத்துல இருக்கறவன் காதுல விஷத்தைக் கக்குவாரு. எப்பவும் அதே பழக்கம். மைக் இருந்தாத் தேன், இல்லேன்னாத் தேள்.

— அன்னிக்கும் அப்படி ஏதாவது சொன்னாரா?

— சொன்னாரே. கிளார்க்குகிட்ட. 'எவளாவது ஒருத்தி பலியாகணும், இல்லேன்னா நான் மாட்டிப்பேன்'னு. பக்கத்துல நின்ன என் தங்கச்சிக்கு மட்டும் கேட்டுச்சு. அவ சொன்னா, ஒரு ஆள் நம்பல. பெத்த அப்பாவே நம்பல. ...என்னண்ணே, கை நின்னு போச்சு?

— மைக்கை ஆஃப் பண்ணுங்க.

— பண்ணிட்டேன்.

— இப்பப் பேசுங்க.

— என்னத்தைப் பேச... ஐயோ, ஸ்பீக்கர்ல கேக்குதே!

— கேக்கும். இந்த மாதிரிப் பழைய மைக்ல ஆஃப் பண்ணினா உள்ள ரெண்டு முனை ஒட்டணும். ஒட்டினாத்தான் சத்தம் அடங்கும். அந்த முனை கறுத்துப் போச்சு, ஒட்டல. இத்தனை நாளும் கரகரப்புக்குப் பயந்து சத்தத்தைக் குறைச்சே வச்சிருந்தீங்க, அதான் யாருக்கும் தெரியல.

— அதையும் இப்பத் துடைச்சிருவீங்க.

— சீட்டைப் படிங்க.

— 'சத்தம் கூட்டினா கரகரங்குது.'

— கரகரப்பு போயாச்சு. எழுதாததை நான் ஏன் தொடணும்?

— அண்ணே!

— நான் ஒண்ணையும் கெடுக்கலம்மா. கெட்டுக் கிடக்கறதுல ஒண்ணே ஒண்ணைத் தொடாம விடறேன். அவ்வளவுதான்.

— ஆனா நாளைக்குன்னு பாத்து அந்த ஆள் வாயைப் பொத்திக்கிட்டு இறங்கிட்டாருன்னா?

— முன் வரிசையில உங்க தங்கச்சி உக்காந்திருந்தா?

— அவளா?

— பதினோரு வருஷம் கழிச்சு அவங்க முகத்தைப் பாத்துட்டு, அவரால வாயைக் கட்ட முடியுமா?

— முடியாது. சத்தியமா முடியாது. டக்குனு ஆஃப் பண்ணுவாரு, கிளார்க் பக்கம் குனிவாரு... அண்ணே, ஊரே கேக்கும்! இவளை எதுக்கு உள்ள விட்டேன்னு ஆரம்பிச்சா, பழசு எல்லாம் வரிசையா வெளிய வரும். நான் கூட்டிட்டு வரேன். தோள்ல தூக்கிட்டாவது வரேன். இதைச் சொன்னா அவளே எனக்கு முன்னாடி நடப்பா.

— சத்தத்தைப் பாதிக்கு மேல வச்சுக்கோங்க. குமிழ்கிட்ட வேற யாரையும் விடாதீங்க.

— நானே காவல் நிப்பேன். ஏண்ணே, ஷாக்குன்னதும் அந்தக் கத்து கத்தினீங்க. அப்புறம் எப்படி மனசு மாறினீங்க?

— அவசரப்படாதீங்க, சொல்றேன். அந்தக் கேள்வித்தாள் யாருக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சிருந்தா விட்டு வச்சிருப்பேனா? குடுத்தவன் கணக்கு நாளைக்கு முடிஞ்சிடும். வாங்கினவன் மட்டும் என் கண்ணுல படட்டும். என் தங்கச்சி பூட்டிக் கிடந்த ஒவ்வொரு நாளையும் அவன் தலையில இறக்கி வைக்காம ஓய மாட்டேன்.

— உங்க ஹெட்மாஸ்டரும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சவங்கம்மா. என் பையன் கணக்குல ரெண்டு தடவை ஃபெயில். அந்த வருஷம் அவர் வீட்டுக்குப் போய், காலைப் பிடிச்சுக் கெஞ்சி, அந்தக் கேள்வித்தாளை வாங்கிட்டு வந்தவன் நான்தான்.