மூண்டு மரி-லூயிஸ்

ஹலோ... ஓம், அக்காதான். டேய் பிருந்தன், என்னடா அடிச்சு அனுப்பியிருக்கிறாய்?... இல்லை, கலர் வடிவாத்தான் கிடக்கு. கலரைப் பற்றி இப்ப ஆர் கேட்டது?

லொங்குய்யில, மாமி வீட்டு பாத்றூமுக்குள்ள நிண்டு கதைக்கிறன். மனிசி இப்பத்தான் உன்ர பனரை விரிச்சவ. விரிச்ச கையோட கதிரையில விழுந்திட்டா. மத்தியூ தாய்க்குத் தண்ணி குடுத்துக்கொண்டு நிக்கிறான்... ஓம், ஓம், ஞாயிற்றுக்கிழமைதான் அவையின்ர குடும்ப ஒண்டுகூடல். அதுக்குத்தானே வருஷக்கணக்கா அந்தக் குடும்ப மரத்தைத் தேடித் தேடிச் சேர்த்தவ! தம்பி பிரிண்ட் கடையில வேலை, வடிவா அடிச்சுத் தருவான் எண்டு நான்தான் வாங்கித் தந்தனான். என்னைச் செருப்பால அடிக்கவேணும்.

மரி-லூயிஸ் எங்க?... ஒண்டு இருக்கு, சரி. மற்ற ரெண்டும்?... டபிளோ?... டபிளை அழிக்கவோ எண்டு கம்ப்யூட்டர் கேட்டதோ? கம்ப்யூட்டர் கேட்டா நீ ஓம் எண்டு அமத்துவியோ?

டேய், அது மூண்டு பிள்ளையள்!... ஓம், ஒரே தாய் தேப்பன்தான். ஒரே பேர்தான். முதல் பிள்ளை அம்மை வந்து செத்துப்போச்சு. அடுத்த பெட்டைக்கு அதே பேரை வைச்சினம். அதுவும் தங்கேல்ல. மூண்டாவதுக்கும் அதே பேர். பிரான்ஸில இருந்து கப்பலேறி வந்த சனத்தின்ர வழக்கம் அது... சிரிக்காதை. சிரிக்காதை எண்டெல்லே சொல்லுறன்!... ஓம், எல்லாப் பெட்டையளுக்கும் முன்னுக்கு மரி, எல்லாப் பெடியளுக்கும் முன்னுக்கு ஜோசப். அத்தினை ஜோசப்பையும் விட்டுவைச்ச உனக்கு இந்த ரெண்டு குழந்தையளும்தான் கண்ணில குத்தினதோ?

உய், பியெரெத்! வாறன், வாறன்!... உனக்கில்லை. மாமிக்குச் சொன்னனான், கதவைத் தட்டுறா.

என்ன சொன்னனி?... செத்து இருநூற்றைம்பது வருஷமோ? சரி. அவையளை விடு. பனரில அடியில பார். வினோஜா எண்டு என்ர பேர் கிடக்கு. அதுக்குக் கீழ எத்தினை பெட்டி?... ஒண்டு. மாமி எத்தினை போட்டுத் தந்தவ?... வாயைத் திற. எத்தினை?... ரெண்டு. ரெண்டிலயும் ஆரணி எண்டு கிடந்தது. உனக்கு அதுவும் டபிள்.

என்ன, தெரியாதோ? என்ர பிள்ளையடா! ஒண்டில செத்த திகதி போட்டுக் கிடந்ததெல்லே! மற்றது இப்ப வயித்துக்குள்ள கிடக்கிறது.

...ஓம். அதே பேர்தான் வைக்கப்போறன்... அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல. நீயே சொல்லு, போ! குளறட்டும். அதைப் பற்றிக் கதையாதை பிள்ளை, கதையாதை பிள்ளை எண்டு என்ர வாயைப் பொத்திவைச்சவ... நீயும்தான்! ஆஸ்பத்திரிக்கு வாறன், வாறன் எண்டாய். கடைசிவரைக்கும் வரேல்ல.

அபசகுனமோ? போடா. அந்தப் பேரை நான் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்கு இஞ்சால நிண்டு முணுமுணுத்தது மட்டும்தான். சோறு ஆறுது, வா ஆரணி எண்டு ஒருக்காவாவது வீடு அதிரக் கத்தவேணும் எனக்கு... இல்லை! அவளை மறக்கிறதுக்கில்லை. பேர் ஒண்டு. பிள்ளையள் ரெண்டு. விளங்குதே?

சனிக்கிழமைக்கு முதல் புதுசா அடி... மிஷின் சும்மா இல்லாட்டிக் கையால எழுது, எனக்கென்ன! மரி-லூயிஸ் மூண்டு. ஆரணி ரெண்டு... ஓம், திகதியும்தான். பிறந்ததும் போனதும் ஒரே மார்கழி. எழுதிறியோ?

...என்ன சத்தம் அது?

...டேய்.

...பிருந்தன், அழுதுகொண்டு அடிக்காதை. பேந்தும் பிழை விடுவாய். வை போனை.