முதல் கட்டைவிரல்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, பின்வரிசையில் இப்போதும் போனைத் தடவிக்கொண்டிருக்கும் லிப்ட் மெக்கானிக் தோழர்களே, வணக்கம்.

'பணிச்செம்மல் முகவரியார் புகழ் ஓங்குக' என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். அடடா! 'முகவரியார்' என்ற பெயரை வைத்தது யார்? நாம்தானே? கேலிக்குத்தானே வைத்தோம்? நம் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் எதை எழுதினாலும் முகவரியில்தான் தொடங்குவார். எந்தக் கட்டிடம், எந்த மாடி, உள்ளே ஆள் இருக்கிறாரா, கரண்டை நிறுத்தியாயிற்றா, யார் வர வேண்டும், யார் வர வேண்டாம். அதற்கு நம் பதில் என்ன? "முகவரி மறுபடியும் லெட்டர் போட்டாச்சுடா!"

நாம் எழுதிய லட்சணம் என்ன? "லிப்ட் நிக்குது, சீக்கிரம் வாங்க." எங்கே வருவது? போன மாதம் நம் ஸ்டோர் கீப்பர் இப்படி எழுதி, நாலு பேர் நாலு கட்டிடத்துக்கு ஓடினோம். உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண் ஒன்றரை மணி நேரம் சிக்கிக் கிடந்தார். பிறகு அதே குழுவில் ஸ்டோர் கீப்பரைக் கிழித்துத் தொங்கவிட்டோம். முகவரியார் ஒருவர்தான், "திட்டினது போதும்ப்பா. அந்தம்மாவை நேர்ல பாத்துட்டு வந்தேன், நல்லா இருக்காங்க" என்று எழுதினார்.

நான் ஒருமுறை பிரேக்கைத் தப்பாக மாட்டினேன். ஆள் சாகிற தப்பு அது. அண்ணன் அதைக் குழுவில் போடவில்லை. எனக்கு மட்டும் படம் அனுப்பி, "தம்பி, வா, ரெண்டு பேருமாப் போய் மாத்திடலாம்" என்று எழுதினார். அந்த மனிதருக்கு நான் என்ன செய்தேன்? சொல்கிறேன், கேளுங்கள்.

"உதவின்னு கேட்டா கட்டைவிரல் படம் போடாதீங்கப்பா. போறவர் 'நான் வரேன்'னு எழுதுங்க. இல்லன்னா வேற யாரோ போறாங்கன்னு எல்லாரும் இருந்துடுவாங்க." அண்ணன் இதை எத்தனை முறை சொன்னார்! ஒரு தடவையாவது கேட்டோமா?

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கடைசியாக எழுதியதை வாசிக்கிறேன். இன்றாவது முழுசாகக் கேளுங்கள்.

"பழைய ஜவுளிக் கட்டிடம், ஏழாவது மாடி, மோட்டார் ரூம். தனியா இருக்கேன். நெஞ்சு வலிக்குது, எழுந்திரிக்க முடியல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். கீழ கிரில் கதவை உள்பக்கமாப் பூட்டிட்டு ஏறினேன், சாவி எங்கிட்ட இருக்கு. இன்னொரு சாவி நம்ம ஆபீஸ் ஆணியில தொங்குது. யாராவது ஒருத்தர் எடுத்துட்டு வாங்க. லிப்ட்ல கரண்ட் இல்ல, படியில ஏறணும்."

இதில் எது புரியவில்லை? பத்தொன்பது பேர் கட்டைவிரல் போட்டீர்கள். இரண்டு பேர் கும்பிடு போட்டீர்கள். ஒருவர்கூட 'நான் வரேன்' என்று எழுதவில்லை! ஆம்புலன்ஸ் கிரிலுக்கு வெளியே நின்றது. பூட்டை அறுக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது; அதற்குள் அண்ணன் போய்விட்டார். ஆபீஸிலிருந்து அந்தக் கட்டிடத்துக்கு எட்டு நிமிட நடை.

அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? நான்தான். 'பழைய ஜவுளிக் கட்டிடம்' வரை படித்தேன். மறுபடியும் லெட்டரா என்று நினைத்தேன். முதல் கட்டைவிரல் என்னுடையது. அண்ணி, உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தலைவர் அவர்களே, கையில் உறுதிமொழித் தாள் வைத்திருக்கிறீர்கள். மடித்து வையுங்கள். மேடை ஏறும் முன் நான் குழுவில் ஒன்று எழுதிவிட்டுத்தான் வந்தேன். "பழைய ஜவுளிக் கட்டிடம், ஏழாவது மாடி. அண்ணன் பாதியில் விட்ட வேலை. நாளைக் காலை பத்து மணி. கரண்டை நிறுத்தியாயிற்று. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நான்."

இதோ, பதில்கள் வந்திருக்கின்றன. கட்டைவிரல். இன்னொரு கட்டைவிரல். தலைவரே, இது உங்களுடையது! அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய வெட்கமாக இல்லையா?

'நான் வரேன்' என்று உங்களில் ஒருவர் எழுதும்வரை இந்த மைக்கை விட்டு நான் இறங்கப்போவதில்லை.