ஓடை எந்தப் பக்கம்

ஐம்பது வயதில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறவன் என்றால் என் வீட்டு அம்மணியே சிரிப்பாள், சார். நீங்களும் சிரிக்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழைய சண்டை நடந்த இடத்தை மேசைமேல் அப்படியே செய்து, விரல் உயரப் படைகளை நிறுத்தி, மறுபடியும் சண்டை போடுவோம். அதுதான் விளையாட்டு. அவிநாசிக்கு வடக்கே ஒரு பாறைக் கரட்டடியில் கும்பினிப் படையும் மைசூர்ப் படையும் மோதிக்கொண்டதை நான் செய்தேன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, வேலி வேலியாக ஒட்டினேன். சிங்காநல்லூரில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் இப்போது அதுதான் இருக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனை அதுவரை யார் தேடி வந்தார்கள்?

எங்கள் குழுவில் எனக்கு நெருக்கமானவர் திருமூர்த்தி. ஒரு நாள் பழைய சர்வே வரைபடத்தோடு வந்தார்.

"ஏனுங்கண்ணா, ஓடையக் கரட்டுக்குத் தெக்கால போட்டிருக்கறீங்க. அது பொறவு வெட்டுன வாய்க்காலுங்க. கோடையில எடுத்த படத்துல பாருங்க, வடக்கால பச்சையா ஒரு கோடு தெரியுது. பழைய ஓடை அதானுங்க."

"அப்ப என்ர பீரங்கியெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குதுங்களா தம்பி?"

"குளிச்சுப்போட்டு வரட்டும் உடுங்கண்ணா. ஞாயித்துக்கெழம எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடலாம். அதுக்கு முன்னால ஒருக்கா நேர்ல நடந்து பாத்துட்டு வாரேன்."

நானும் சிரித்தேன். நடந்து பார்க்க ஒரு படம் வேண்டுமே என்று நானே அச்செடுத்தும் கொடுத்தேன். முள்ளில் சிக்கிக் கிடந்ததாக நீங்கள் காட்டுகிறீர்களே, அதே படம்தான்.

கரட்டடியில் சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு ஒன்று இருக்கிறது. பாறையை வெட்டி இறக்கிய, நம் பக்கத்துச் சதுரக் கிணறு. விளிம்புவரை கொழுக்கட்டைப் புல் மண்டிக் கிடக்கும். படத்தில் அது கறுப்பாக, அசிங்கமாக விழுந்திருந்தது. அச்செடுக்கும் முன்னால் கணினியில், படத்திலேயே பக்கத்துக் காட்டிலிருந்து கொஞ்சம் புல்லை வெட்டி எடுத்து அதன்மேல் ஒட்டினேன். ஓடை என்று அவர் காட்டிய பச்சைக் கோட்டையும் சற்றே நகர்த்திக் கிணற்றின்மேல் போகவிட்டேன்.

எங்கள் ஆட்கள் களத்தில் நடக்கும்போது காலடியைப் பார்ப்பதில்லை, சார். கையிலிருக்கும் படத்தைத்தான் பார்ப்போம். நானே ஒருமுறை எருமைமேல் முட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. கூடவே போனேன். கொஞ்சம் பின்னால் நடந்தேன்.

விழுந்ததும் அவர் சாகவில்லை. கால் முறிந்து, கழுத்தளவு தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணா, கயிறு ஏதாச்சும் போடுங்கண்ணா" என்றார். கிணற்றுக்குள் கிடந்தும் அந்த மரியாதை குறையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியில் கயிறு இருந்தது. போய் எடுத்து வந்தேன்.

விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இப்பச் சொல்லுங்க தம்பி, ஓடை எந்தப் பக்கமுங்க?"

பாறையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"தெக்காலதானுங்கண்ணா. நீங்க போட்டதுதான் சரிங்க."

கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரலாற்று விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். உயிருக்குப் பயந்து ஒருவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, சார்.