உள்ளே மட்டும் கேட்ட சத்தம்

“அந்த வண்டிக்கு எஞ்சினே கிடையாது மச்சான். ஆனா முதலாளி மிதிச்சா புலி மாதிரி உறுமும்.”

கழக்கூட்டத்திலிருந்து தம்பானூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த வெள்ளைச் சட்டை கார் டிரைவர் தன் மச்சானிடம் சொன்னார். மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்ததால் பேச்சு தெளிவாகவே கேட்டது.

“எஞ்சின் இல்லாம எப்படி உறுமும்?”

“எல்லாம் ஸ்பீக்கர். கரண்டு வண்டியில்லா? சத்தமில்லாம சப்புனு இருக்குன்னு கம்பெனிக்காரனே வச்சுக் குடுக்கான். கியர் மாத்துன மாதிரி ஒரு குலுக்கலும் உண்டு. முந்தாநாள் அவருதான் ஓட்டினாரு. நான் பக்கத்து சீட்டுல இருந்தேன்.”

“அப்பதான் அந்த ஓட்டல்காரரு அடிபட்டாரா?”

“ஆமா. ரோட்டைக் கடந்துகிட்டிருந்தாரு, திரும்பியே பாக்கல. முதலாளி ஹாரனும் அடிக்கல. இவ்வளவு சத்தத்தோட வாறோம், கேட்டு விலகிருவாருன்னு நெனச்சிட்டாரு.”

“பின்ன ஏன் விலகல?”

“அந்தச் சத்தம் வண்டிக்குள்ள மட்டுந்தான் மச்சான். வெளிய ஒண்ணுமே கேக்காது.”

பஸ் பாளையம் தாண்டியது.

“இப்ப எப்படி இருக்காரு?”

“நேத்து போயிட்டாரு.”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு உன்னையும் வரச் சொல்லியிருக்காங்களே. என்ன சொல்லப் போற?”

“வண்டி நல்ல சத்தத்தோடதான் வந்துச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்காரு முதலாளி.”

மச்சான் அவரையே பார்த்தார். டிரைவர் மூடியிருந்த ஷட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பொய் இல்லியே மச்சான். எனக்குக் கேட்டுச்சுல்லா.”