இரண்டு மணிக்கு நிற்கும் பெட்டி

— எழுதும்மா. ‘வந்திருப்பவர்கள்: குடும்பத் தலைவர், அதாவது நான். என் தம்பி. என் மருமகள். வேறு யாரும் இல்லை.’ எழுதிட்டியா?

— மூணு பேர் உட்கார்ந்து பேசறதுக்கு நோட்டு எதுக்கு மாமா?

— முறைன்னு ஒண்ணு இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் தண்ணி பம்ப் ஹவுஸ்ல லாக் புக் எழுதினவன் நான். எழுதாத பேச்சு தெருப் பேச்சு. தம்பி, உன் வீட்டுக்காரி சொன்னதைக் கூட்டாம குறைக்காம சொல்லு.

— நான் சொல்லலண்ணே, அவ சொல்றா. நம்ம வீட்டுப் படம் கண்டவன் கம்ப்யூட்டர்ல கிடக்கக் கூடாது, எல்லாத்தையும் நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில போடுங்கன்னு நீங்க சொன்னீங்க. எங்க பொண்ணு கல்யாணப் படம் அத்தனையும் போட்டோம். இப்ப மத்தியானம் வேலை முடிச்சுட்டு அவ போன்ல பார்க்கலாம்னு உட்கார்ந்தா ரெண்டு மணிக்குப் பெட்டி செத்துடுதாம். நாலு மணிக்கு உசிரு வருதாம். தினமும். மருமகப் பொண்ணு வேணும்னே மூடுதாம்.

— நான் எதுக்கு மூடணும், சின்ன மாமா?

— நான் சொல்லலம்மா. கல்யாணத்துல உன் புடவையைப் பத்தி அவ ஏதோ சொன்னாளாம், அந்த வஞ்சமாம். சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு விஷயம் போயாச்சு. இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னுட்டா.

— கேட்டீங்களா மாமா? நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பார்க்கறவ. சர்வர்னா ஓட்டல்ல பரிமாறறவர்னுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்குன்னு சொந்தமா ஒண்ணு வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னது நீங்க. லேப்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து மூணு வாரம் மல்லுக்கட்டினேன். அதுக்குக் கிடைச்ச பேரு வஞ்சக்காரி.

— என் வீட்டுப் பொண்ணு மேல பழி விழுந்தா என் மேல விழுந்த மாதிரி. அதுக்குத்தான் இந்த விசாரணை. மத்தியானம் ரெண்டு மணிக்கு நீ எங்க இருப்ப?

— லேப்லதான். அஞ்சு மணி வரைக்கும். இன்னிக்கு இந்த விசாரணைக்காக லீவு போட்டிருக்கேன்.

— போன்லேர்ந்தே நிறுத்திடலாமாமே. நான் சொல்லல.

— நிறுத்தலாம் சின்ன மாமா. ஆனா அப்படி நிறுத்தினா பெட்டி அதை எழுதி வச்சுக்கும். மணி, நிமிஷம், யாருன்னு.

— பெட்டியும் லாக் எழுதுமா?

— எழுதும் மாமா. இங்க பாருங்க. போன ஞாயித்துக்கிழமை நான் நிறுத்தினது இந்த வரி. மத்தியானம் ரெண்டு மணிக்கு அப்படி ஒரு வரியே இல்ல. பேசிட்டிருந்தவன் வாயைப் பொத்தின மாதிரி பாதியில நிக்குது.

— கரண்ட் போயிருக்கும்.

— தினமும் டாண்ணு ரெண்டு மணிக்கா? ஃபேன் ஓடுதாம், ஃப்ரிட்ஜ் ஓடுதாம், இது மட்டும் நிக்குதாம்.

— நல்ல கேள்வி. அதையும் எழுது. இப்ப மணி என்ன?

— ரெண்டாகப் போகுது.

— அப்படியே இருங்க. இதோ வந்துடறேன்.

— பேச்சு நடுவுல எங்க போறீங்க? மாமா. மாமா, அந்தப் பிளக்லேர்ந்து கையை எடுங்க.

— ஓய்வு நேரம்மா.

— யாருக்கு?

— மெஷினுக்குத்தான். தொட்டுப் பாரு, எப்படிச் சுடுதுன்னு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரமாவது நிறுத்தி ஆற விடணும். என் பொறுப்புல ஒரு பம்பு மோட்டார் எரிஞ்சதில்ல, கேட்டுப் பாரு.

— தினமும் நீங்கதான் பிடுங்கறீங்களா?

— ஒரு நாள் தவறினதில்ல.

— அண்ணே, இவ்வளவு நேரம் அதைத்தானே விசாரிச்சிட்டிருந்தோம்.

— பல்லைக் காட்டாத. மூடறதைப் பத்தித்தான் விசாரணை. ஓய்வு கொடுக்கறதும் மூடறதும் ஒண்ணா?

— நிறுத்தவே கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே மாமா.

— எல்லா மெஷினுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கறாங்க. அதைக் கேட்டு மோட்டாரை எரிச்ச இன்ஜினியர் எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்.

— கரண்ட் வந்தா தானா எழுந்திரிக்கற மாதிரி நான்தான் வச்சுத் தொலைச்சேன். இல்லேன்னா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பேன். இப்படி வெடுக்குன்னு பிடுங்கினா உள்ள இருக்கறது கெட்டுப்போகும் மாமா. கல்யாணப் படம் இருக்கற இடம் ரெண்டு நாளா திறக்கவே இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்னு தலையைப் பிச்சுக்கிட்டிருக்கேன்.

— திறக்கலியா? ஐயோ, அண்ணன் சொன்னாரேன்னு போன்ல இருந்ததையெல்லாம் அழிச்சுட்டோமே.

— பதறாதீங்க சின்ன மாமா. சனிக்கிழமைதோறும் ஒரு நகல் எடுத்து வச்சிருக்கேன்.

— எங்க வச்சிருக்க?

— என் கைப்பையில மாமா. தினமும் லேபுக்குப் போயிட்டு வரும்.

— வீட்டுப் படம் வாசல் தாண்டக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன்.

— தாண்டினதாலதான் மிச்சமிருக்கு.

— அப்ப என் வீட்டுக்காரிகிட்ட நான் என்னன்னு சொல்றதுண்ணே?

— யோசிக்கறேன்.

— விடுங்க மாமா. சின்ன மாமா, பிளக் பாயிண்ட் லூசா இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சின்ன அத்தைகிட்ட சொல்லிடுங்க. மாமா பேரை இழுக்க வேணாம்.

— அதுவும் சரிதான். இந்த வயசுல அண்ணனை நாலு பேர் சிரிக்கறதா? நம்ம குடும்பத்துக்கே கேவலம்.

— என் நோட்டுல பிளக் பாயிண்ட் லூசுன்னு எழுதச் சொல்றீங்களா ரெண்டு பேரும்?

— நோட்டுல எதுவுமே எழுத வேணாம் மாமா.

— லாக்ல பொய் எழுதினவன் கையில நான் பம்ப் ஹவுஸ் சாவியைக் கொடுத்ததில்ல. இங்க கொண்டா அதை. நீ எழுத வேணாம், நானே எழுதறேன். தம்பி, உன் வீட்டுக்காரிக்குப் போனைப் போடு. எத்தனை பேர்கிட்ட சொன்னாளோ அத்தனை பேருக்கும் இதை ஒரு வார்த்தை விடாம படிச்சுக் காட்டச் சொல்லு.

— எதைண்ணே?

— ‘மருமகள் வஞ்சம் வைத்துப் பெட்டியை மூடுகிறாள் என்று உறவினரிடையே உலவும் பேச்சு தவறு. தினமும் இரண்டு மணிக்கு அதை நிறுத்தியவர் குடும்பத் தலைவர்.’