கெங்கம்மா கேட்ட சீட்டு

— வைத்தியமெல்லாம் வேணாம் சாமி. சீட்டு ஒண்ணு எழுதிக் குடு, நான் போய்க்கினே கீறேன். சந்திரமௌலி டாக்டரு எழுதுனா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்களாம்.

— கையைப் பார்க்காம சீட்டுக் கிழிக்க நான் என்ன டிராம் கண்டக்டரா? பேர் என்ன சொன்னே, கெங்கம்மாவா? நீட்டு, பார்ப்போம்.

— தொடாத சாமி! குப்பத்துல எல்லாரும் அந்த நோவுன்னு சொல்றாங்கோ. வெரலு மடங்கிப் போச்சாம். என் மீன்கூடையாண்ட ஒரு பய வர்றதில்ல. சொந்த ஓர்ப்படியே எனக்குத் தனிக் குவளை வெச்சிட்டா.

— டாக்டர் தொடாம வேற யார் தொடுவா? அசடு மாதிரிப் பேசாதே. கண்ணை மூடிக்கோ. இப்போ என்ன பண்றேன்?

— குண்டூசியால குத்தறே. யம்மாடி!

— எந்த விரல்?

— சுண்டு வெரலு. இப்போ கட்டை வெரலு. வலிக்குது சாமி!

— வலிக்கட்டும், வலிக்கட்டும். அந்த நோவுன்னா குத்தினா தெரியாது, கேட்டியோ? தோல்லயும் தேமல் ஒண்ணும் காணோம். சரி, இந்தக் கணுவெல்லாம் வீங்கிண்டிருக்கே, எத்தனை நாளா?

— போன ஆடிலேர்ந்து. ரெண்டு கையும் ஒரே மாதிரி. காலு வெரலுங்கூட.

— எப்போ ஜாஸ்தி? காலம்பறயா, சாயங்காலமா?

— விடிகாலம் எழுந்தா கை மூடிக்கினு கீது, கதவு சாத்துன மாதிரி. கட்டுமரம் கரைக்கு வந்து, மணல்ல மீனை ஏலம் வுடற நேரத்துக்கு ஒரு சங்கராவைக்கூடப் புடிக்க முடியல. வெயிலு ஏறுனப்பறம்தான் ரவ ரவயாத் தொறக்குது. அதுக்குள்ள மீனெல்லாம் போயிடுதே! தொறந்த கைய வெச்சிக்கினு இன்னா பண்றது, தாளம் போடறதா?

— அதான்! அதைத்தான் கேட்டேன். இது அந்த நோவே இல்லைடியம்மா. மூட்டு வாதம். இங்கிலீஷ்ல ரூமடாய்ட்ம்பா. பகவான் காப்பாத்தினார்னு சொல்லு.

— நல்லாப் பாத்தியா சாமி?

— பதினெட்டு வருஷமா இந்த மயிலாப்பூர்ல பார்த்துண்டிருக்கேன். இது ஒட்டவும் ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் பண்ணாது.

— தீருமா?

— பொய் சொல்லமாட்டேன். தீராது. வலியை அடக்கலாம். மருந்துப் பொடி மூணு வேளையும் சாப்பிடணும். பச்சைத்தண்ணில கை வைக்கப்படாது. நன்னா ஓய்வெடுத்துக்கணும். பால், முட்டை...

— மீன்காரிக்குப் பச்சைத்தண்ணி ஆவாதா? நல்லாச் சொன்னே போ. பாலு முட்டைக்கு உன் வூட்டாண்டதான் வந்து நிக்கணும்.

— ஆத்துல யார் இருக்கா?

— புருசன் கடலோட போயிட்டான். மவகூடத்தான் கீறேன். மருமவன் கொண்டார்றது ரெண்டு வயித்துக்கே பத்தல. அவ தன் சோத்தை என் தட்டுல தள்ளிட்டு, நான் அப்பவே துன்னுட்டேம்மான்னு தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குது. வயித்துல ஆறு மாசம் சாமி. எனக்கு அந்தச் சோறு எறங்குமா?

— பெரிய ஆஸ்பத்திரியில படுக்கை கேட்டுப் பார்க்கட்டுமா?

— எத்தினி நாளு வெச்சிப்பாங்கோ?

— பத்து நாள். அதுக்கு மேல... இந்த வியாதிக்குன்னு இடம் எங்கயும் இல்லை, கெங்கம்மா.

— நான் இன்னும் எத்தினி வருசம் இருப்பேன்?

— நாற்பது வயசுதானே? முப்பது வருஷம் தாராளமா இருப்பே.

— அய்யய்யோ! முப்பது வருசமா?

— அழாதே. இதோ, நீ கேட்ட சீட்டு. கெங்கம்மாவுக்குக் குஷ்டம் கிடையாதுன்னு கொட்டை எழுத்துல எழுதிட்டேன். குப்பத்துல காட்டு. எவனாவது வாயைத் திறந்தா எங்கிட்ட அனுப்பு.

— கிழிச்சிடு சாமி.

— என்ன உளர்றே? இதுக்குத்தானே வந்தே?

— இதுக்கு இல்ல. ஊருக்கு வெளிய கன்னியாஸ்திரீ அம்மாங்க மடத்துல, அந்த நோவுக்காரங்களுக்கு சாவற வரிக்கும் ரெண்டு வேளை சோறு போடறாங்கோ. டாக்டரு சீட்டு இருந்தாத்தான் உள்ள வுடுவாங்களாம். ஊரே சொல்லிட்டுது, நீயும் குஷ்டம்னே எழுதிக் குடுத்துடு சாமி.